நின்ற கோடும் படுத்த கோடும்

அவரை எல்லோரும் அரைவார்த்தை என்றுதான் அழைத்தார்கள். துப்பறிவதில் புலி, பேசுவதில் கஞ்சர். தாகம் எடுத்தால் "தண்" என்பார். மீதியை நாம்தான் ஊற்றிக்கொடுக்க வேண்டும். ஒரு கொலைகாரனைப் பிடித்தபோது அவர் சொன்னது "நீ" என்ற ஓரெழுத்து மட்டும். அவன் பயந்துபோய் தான் செய்த கொலையோடு, செய்யத் திட்டமிட்டிருந்த இன்னொன்றையும் சேர்த்து ஒப்புக்கொண்டான்.

அவருடைய உதவியாளர் தந்தி நேரெதிர். பல் டாக்டரின் நாற்காலியில் வாய்க்குள் இரண்டு கருவி இருக்கும்போதே டாக்டருக்கு முழுக் கதையும் சொல்லி முடித்தவள் அவள். முப்பது வயது. வாய்க்கு மட்டும் அறுபது.

அப்படிப்பட்ட தந்தியே அன்று காலை வாய் திறக்க இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே போர்வைக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

போர்வைக்காரர் அந்த டெலிவிஷன் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறியாளர். நாடு முழுவதும் இனி எந்த மாதிரிப் படம் தெரியவேண்டும், திரையில் எத்தனை கோடு ஓடவேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். யார் வந்து என்ன கேட்டாலும் அவர் ஒரு போர்வையை வைத்தே விளக்குவார். அதனால்தான் அந்தப் பெயர்.

"எங்களுக்குக் கொடுத்திருக்கிற அலைப்பாதை இவ்வளவு அகலம்தான். அதான் போர்வை," என்றார். "படுத்த கோடு எண்ணிக்கையைக் கூட்டினா மேலேர்ந்து கீழே நுணுக்கம் கூடும். ஆனா ஒவ்வொரு கோட்டுக்கும் கிடைக்கிற நேரம் குறைஞ்சிடும். பக்கவாட்டுல நுணுக்கம் போயிடும். தலையை மூடினா கால் வெளியே, காலை மூடினா தலை வெளியே."

"முட்டியை மடக்கிப் படுத்துக்கலாமே சார்," என்றாள் தந்தி.

"அதைத்தாம்மா இத்தனை வருஷமா பண்ணிட்டிருக்கோம்," என்றார் அவர் சிரிக்காமல்.

முட்டியை எவ்வளவு மடக்குவது என்று முடிவு செய்தது அவரல்ல, ஒரு பெண்மணியின் கண். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. படத்தைச் செய்தவன் அதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தன் பிள்ளையைப் பார்க்கிற கண்ணால்தான் பார்ப்பான் என்பது அங்கே சட்டம். மீட்டருக்கும் அந்த உரிமை கிடையாது. இருட்டறையில் அக்கா உட்காருவார். திரையில் பனையோலை விசிறிபோல இரண்டு கோட்டுக் கூட்டங்கள் தெரியும். ஒன்றில் கோடுகள் நின்றிருக்கும், இன்னொன்றில் படுத்திருக்கும். விரிந்த பக்கத்தில் விலகி நிற்கும் கோடுகள் கைப்பிடிப் பக்கம் போகப்போக நெருங்கும். எந்த இடத்தில் அவை ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றன என்று அக்கா சொல்ல வேண்டும். நின்ற விசிறியும் படுத்த விசிறியும் ஒரே இடத்தில் குழைந்தால் போர்வை சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். திரையில் பத்துக் கோடு ஓட்டினால் ஏழு கோட்டின் வேலைதான் கண்ணுக்குச் சேரும், மீதி கோடுகளின் இடுக்கில் விழுந்து தொலைந்துபோகும் என்று கண்டுபிடித்ததும் அந்தக் கண்தான். எறும்பு கொட்டாவி விட்டால் அதன் தொண்டைவரை அக்காவுக்குத் தெரியும் என்று கேன்டீனில் பேச்சு.

சில மாதம் முன்பு வரை இரண்டு விசிறியும் ஒரே இடத்தில் குழைந்தன. பிறகு நின்ற விசிறி மட்டும் சீக்கிரமே குழைய ஆரம்பித்தது. பக்கவாட்டு நுணுக்கம் குறைகிறதென்றால் அலைப்பாதையை யாரோ ரகசியமாக நெருக்குகிறார்கள். அதை நெருக்கக்கூடிய ஃபில்டர் பெட்டி ஒரே ஒருவனின் பொறுப்பில் இருந்தது. அவன் அக்காவின் சொந்தத் தம்பி.

"மீட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டாள் தந்தி.

மீட்டர் எல்லாம் சரி என்றது. ஆனால் அக்கா சரியில்லை என்றார். அந்தக் கட்டடத்தில் அக்கா மீட்டருக்கு மேல் பதவி. போதாக்குறைக்கு, இன்னொரு ஆளை உட்காரவைத்து அக்காவின் அளவோடு ஒத்துப் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்ததும், தம்பியே நேற்று வந்து, ஃபில்டரை மாற்றினேன், பிறகு பழையதையே வைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் கோட்டு எண்ணிக்கையை முடிவு செய்யும் குழு கூடும். அவனை வேலையிலிருந்து விரட்டிப் போலீசில் கொடுப்பார்கள். பிறகு அக்காவின் அளவுகளை வைத்துக் கோடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நாட்டுக்கே அதுதான் என்று கையெழுத்துப் போடுவார்கள்.

அரைவார்த்தையை அமர்த்தியது அக்காதான். என் தம்பி அதைச் செய்யவில்லை, யார் செய்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், அது யாராக இருந்தாலும் சரி என்று காலையில் வீடு தேடி வந்து சொல்லியிருந்தார்.

போர்வைக்காரர் இன்னொரு புலம்பலையும் இறக்கிவைத்தார். பக்கவாட்டில் மங்கல் என்று சொல்கிற அக்கா, கொஞ்ச நாளாகப் படுத்த கோடுகள் சீப்புப் பல்லைப்போல தனித்தனியாகக் கண்ணை உறுத்துகின்றன என்றும் சொல்கிறாராம். கோடுகளைக் குறைத்தால் அந்த உறுத்தல் கூடும், கூட்டினால் மங்கல் கூடும். ஒரே படத்தில் இரண்டு குறையும் எப்படி வரும் என்று அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

அரைவார்த்தை எழுந்தார். "கிட்ட," என்றார்.

தந்தி மொழிபெயர்த்தாள். "கிட்ட உக்காந்து பாத்தா எந்த டி.வி.யிலயும் கோடு தெரியும்னு சொல்றாரு. அக்கா எங்க உக்காந்து பாப்பாங்க?"

இருட்டறையில் அக்காவே விளக்கைப் போட்டுக் காட்டினார். தரையில் ஒரு பித்தளை ஆணி அடித்திருந்தது. நாற்காலியின் முன்கால் அந்த ஆணியைத் தொட வேண்டும், மயிரிழைகூட விலகக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நரையைக்கூட ஒழுங்காக வகிடெடுத்து வைத்திருந்தார். நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய விரல்கள் தேய்த்த இடம் மட்டும் வார்னிஷ் போய் வெளுத்திருந்தது.

"கண்ணாடி போட்டவங்க இதுல உக்காரக் கூடாது. வெறுங்கண்ணுதான். அந்த விதியைப் போட்டதே நான்," என்றார் பெருமையாக. பிறகு அறையின் மறுகோடியில் நின்ற அரைவார்த்தையைப் பார்த்து, சாரின் வரி போட்ட சட்டை எடுப்பாக இருக்கிறது, குறுக்கு வரியில் நல்ல துணி கிடைப்பது அபூர்வம் என்றார்.

தந்திக்குச் சிரிப்பு வந்தது. ஜெயிலில்தான்க்கா ஏராளமாகக் கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், சாரின் சட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவர் போட்டிருந்தது பொடிக் கட்டம். அவளே வாங்கிக்கொடுத்தது. குறுக்கே எத்தனை கோடோ நெடுக்கேயும் அத்தனை. ஒரு வேளை அக்கா கவனிக்காமல் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

அரைவார்த்தை தரையில் மண்டியிட்டிருந்தார். ஆணிக்கு முன்னால், திரையின் பக்கமாக, மெழுகு பூசிய தரையில் நாற்காலிக் கால் உராய்ந்த தடங்கள். ஒன்றல்ல. கொஞ்சம் கொஞ்சமாகத் திரையை நோக்கி ஊர்ந்து போன தடங்கள்.

நாற்காலியைப் போடுவது யார் என்று தந்தி சாதாரணமாகக் கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே தம்பிதான் என்றார் அக்கா. விளக்கை அணைத்தபிறகு அவன்தான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைப்பான், கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் படம் வந்துவிடும் என்றார்.

வெளியே வந்ததும் தந்திக்கு மனசு விட்டுப்போயிற்று. "பெட்டியைத் தொட்டானோ இல்லையோ, நாற்காலியைத் தொட்டிருக்கான். அக்கா காசு குடுத்து அழைச்சிட்டு வந்த ஆளுங்களே அவங்க தம்பிக்குக் குழி தோண்டறோம்."

சாமான் அறையில் பழைய டியூப்புகளுக்கு நடுவே தம்பி உட்கார்ந்திருந்தான். திருப்புளி, சால்டரிங் கோல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டதால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தான். ஃபில்டரை மாற்றினாயா என்றால் ஆமாம். ஏன் என்றால் போர்வைக்காரரைப் பழிவாங்க. நாற்காலியை நகர்த்தினாயா என்றால் அதற்கும் ஆமாம். நிலாவைத் திருடினாயா என்று கேட்டிருந்தால் முழு நிலாவா பாதி நிலாவா என்று கேட்டுக்கொண்டு அதையும் ஒப்புக்கொண்டிருப்பான்.

"எந்தப் பக்," என்றார் அரைவார்த்தை.

"நாற்காலியை எந்தப் பக்கம் நகர்த்தினேன்னு கேக்கறாரு," என்றாள் தந்தி.

அவன் பக்கத்தில் கிடந்த ஒரு பழைய டியூப்பை எடுத்துத் தூசி துடைக்க ஆரம்பித்தான்.

தந்திக்கு அப்போதுதான் உறைத்தது. படம் மோசமாகத் தெரியவேண்டும் என்று நினைக்கிறவன் நாற்காலியைப் பின்னால் தள்ளுவான். இவன் முன்னால் தள்ளியிருக்கிறான். இவன் படத்தைக் கெடுக்கப் பார்க்கவில்லை, நன்றாகத் தெரியவைக்கப் பார்த்திருக்கிறான்.

"எப்ப ஒப்புக்கிட்டே தம்பி?" என்று கேட்டாள். குரல் தானாகவே இறங்கியிருந்தது. "அவங்க இன்னொரு ஆளைக் கொண்டாந்து உக்காரவெச்சு, அக்கா அளவோட ஒத்துப் பாக்கறேன்னு சொன்ன பிறகுதானே?"

தம்பி அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கேஸை இத்தோடு விட்டுவிடுங்கள், ஜெயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன், அந்த நாற்காலியை விட்டால் அக்காவுக்கு வேறே எதுவும் இல்லை என்றான். கல்யாணம் வேண்டாமென்றது அதற்காக. கண் சோர்ந்துவிடும் என்று கதைப் புத்தகம்கூடப் படிக்காமல் இருந்தது அதற்காக. தந்தி சாரைப் பார்த்தாள். விட்டுவிடலாம் சார் என்று அவள் கண் கெஞ்சியது.

"யாரா இருந்தா," என்றார் அவர்.

அது யாராக இருந்தாலும் சரி என்று அக்கா சொன்னது தந்திக்கும் ஞாபகம் இருந்தது.

அடுத்து நடந்தது அந்த ஆய்வுக்கூடத்தின் வரலாற்றிலேயே பெரிய கூத்து. அரைவார்த்தையும் தந்தியும் இருட்டறைக்குள் போய், சோதனை டி.வி.யைத் தூக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள். அந்தக் காலத்து டி.வி. அது, ஒரு கன்றுக்குட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் என்ன கனம் கனக்குமோ அந்தக் கனம். தந்தியின் இடுப்பில் ஏதோ ஒன்று படீரென்றது. போர்வைக்காரர் டியூப் வெடித்துவிடும் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் நின்றார். திரையின்மேல் ஒரு பெரிய கறுப்பு அட்டையை மாட்டி, சதுரமாக வெட்டிய துளை வழியாக இரண்டு விசிறிகள் மட்டும் தெரியும்படி செய்தார்கள். பெட்டி படுத்திருப்பது இனி யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் இருந்தது. குறை டி.வி.யிலோ ஃபில்டரிலோ இருந்தால், டி.வி.யைப் படுக்கவைக்கும்போது குறையும் கூடவே படுத்துக்கொள்ளும். இதுவரை நன்றாக இருந்த விசிறி இப்போது நின்றுகொண்டு, நன்றாகவே தெரியும். இதுவரை குழைந்த விசிறி படுத்துக்கொண்டும் குழையும்.

விளக்கை அணைத்தார்கள். நாற்காலியை ஆணியில் சரியாகப் போட்டு, அக்காவைக் கைபிடித்துக் கொண்டுவந்தவள் தந்தி. அந்தக் கை பஞ்சுபோல லேசாக இருந்தது.

அக்கா வழக்கம்போலப் பார்த்தார். படுத்த விசிறி கடைசிவரை பிரிந்து தெரிகிறது என்று அளவைச் சொன்னார். நின்ற விசிறி பாதியிலேயே குழைந்துவிட்டது என்றார். இன்றைக்கு நேற்றையைவிட மோசம், யாரோ இன்னும் கைவைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தம்பியைத்தான் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அவன் இல்லையென்று இப்போதாவது தெரிகிறதா என்று வெற்றியோடு கேட்டார்.

மூலையில் போர்வைக்காரர் மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்டது.

அரைவார்த்தை விளக்கைப் போட்டு, கறுப்பு அட்டையைக் கழற்றினார்.

படுத்துக் கிடந்த டி.வி.யை அக்கா பார்த்தார். விசிறிகளைப் பார்த்தார். உலகத்திலேயே ஒரு படத்தைப் பார்த்தவுடன் அதில் என்ன குறை என்று சொல்லக்கூடிய பெண்மணி அவர். யாரும் அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. தலையை மெதுவாக வலது தோளில் சாய்த்தார். சாய்த்தபடியே மறுபடியும் திரையைப் பார்த்தார். குழைந்திருந்த விசிறி விலகித் தெளிந்திருக்க வேண்டும், தெளிந்திருந்தது குழைந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினார். மறுபடியும் சாய்த்தார்.

"சார் போட்டிருக்கிறது கட்டம் போட்ட சட்டையா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா," என்றாள் தந்தி.

உலகம் மங்கினால் குறை உலகத்தின் மேல்தான் என்று இருந்துவிட்ட பெண்மணி அவர். இருபது வருடம் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அத்தனை கருவிகளையும் மாதாமாதம் சரிபார்த்த ஆய்வுக்கூடம் ஒரே ஒரு கருவியை மட்டும் சரிபார்க்கவே இல்லை. அதற்கு அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தம்பியை அழைத்துவந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே படுத்திருந்த டி.வி.யைப் பார்த்துவிட்டு அவன் கதவிலேயே நின்றுவிட்டான்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?" என்றார் அக்கா.

வீட்டில் அக்கா சுவர்க் கடிகாரத்தைத் தலையைச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து என்றான். தனக்கு என்று பொய் சொல்லிக் கண் டாக்டரிடம் போய் விசாரித்திருக்கிறான். விழியின் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பிக்கொண்டு வரும் வியாதியாக இருக்கலாம், கண்ணாடி கொஞ்ச காலம் தாங்கும், உடனே அழைத்துவாருங்கள் என்றாராம் டாக்டர். கண்ணாடி என்றால் நாற்காலி போய்விடும். அதனால் அவன் அழைத்துப்போகவில்லை. நாற்காலியை நகர்த்தினான். விரற்கடை நகர்த்தினால் அக்காவின் அளவு சரியாக வந்தது. பிறகு இன்னொரு விரற்கடை. பிறகு இன்னொன்று. ஒரு நாள் அதற்கு மேல் நகர்த்தினால் திரையில் மூக்கு இடிக்கும் என்கிற நிலைமை வந்தது.

"உடனே அழைச்சிட்டு வரச் சொன்னாரா?" என்றார் அக்கா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

போர்வைக்காரருக்கு முகமெல்லாம் நனைந்திருந்தது. எதற்கெடுத்தாலும் போர்வையை இழுக்கிற மனிதர் அன்று போர்வையைத் தொடவில்லை. தம்பி ஃபில்டரில் கைவைக்கவில்லை, குழுவுக்கு அவ்வளவு சொன்னால் போதும், நாற்காலி விஷயம் இந்த அறையோடு போகட்டும், கண் தளர்ந்துவிட்டது என்று அக்கா கௌரவமாக ஓய்வு பெறட்டும் என்றார். தம்பியின் வேலை இருக்கும், பெயரும் இருக்கும். தந்தி அவரைக் கட்டிப்பிடித்திருப்பாள். சார் பக்கத்தில் நின்றதால் செய்யவில்லை.

"நகர்த்தின நாற்காலியில உக்காந்து ஒரு வருஷமா நான் சொன்ன அளவெல்லாம்?" என்று கேட்டார் அக்கா.

போர்வைக்காரர் கீழே கிடந்த கறுப்பு அட்டையைக் குனிந்து எடுத்தார்.

"அது அத்தனையும் தப்பு. அதை வெச்சுத்தான் இன்னைக்குக் கோட்டைக் குறைக்கப் போறீங்க. ஒரு தடவை எண்ணிக்கையை முடிவு பண்ணிட்டா, வீட்டுக்கு வீடு பெட்டி போயிடும். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. இனிமே பொறக்கப் போற பசங்க எல்லாம் என் கண்ணோட கோளாறைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"அளவு தப்புன்னு மட்டும் சொல்லிக்கலாம்க்கா," என்றாள் தந்தி. "ஏன் தப்புன்னு சொல்ல வேணாம்."

"எங்கேர்ந்து எங்க வரைக்கும் தப்புன்னு கேப்பாங்கம்மா. நாற்காலி நகர ஆரம்பிச்ச நாள்லேர்ந்துன்னு சொல்லாம எப்படிச் சொல்றது?"

குழு கூடியது. அக்கா நின்றுகொண்டே பேசினார். முதலில் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். ஃபில்டர் பெட்டி சுத்தம், போன வருடத்துக் கோட்டு எண்ணிக்கையே சரி, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, சோதனை நாற்காலியை நகர்த்தி ஒரு வருட அளவுகளைக் கெடுத்தவன் என் தம்பி, அவனை இந்தக் கட்டடத்தில் வைத்திருக்கக் கூடாது என்றார். குரல் எங்கேயும் உடையவில்லை. விசிறி குழையும் இடத்தைச் சொல்லும்போது இருக்கிற அதே குரல். குழுவில் ஒருவர், அவன் உங்கள்மேல் வைத்த பாசத்தால்தானே அம்மா என்றார். அது எனக்குத் தெரியும், கேள்வி அதுவல்ல என்றார் அக்கா.

போலீசுக்குப் போகவில்லை. வேலை மட்டும் போயிற்று. இரண்டு பேருக்கும்.

சாயங்கால வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நான்கு பேரும் நின்றார்கள். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டுக்குத்தான் போகவேண்டும், வேறு வீடு கிடையாது. தம்பி அக்காவின் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவர் பையைக் கொடுத்தார், கையைக் கொடுக்கவில்லை. தந்தி ஏதாவது பேசி அந்த இடத்தை நிரப்பிவிடலாமென்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தாள். நாளைக்கே நல்ல கண் டாக்டராகப் பார்த்துத் தானே அழைத்துப்போவதாகச் சொன்னாள். அக்கா சரி என்று தலையாட்டினார்.

தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. நெற்றியில் இருந்த எண் வெயிலில் மின்னியது. அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார், இனி மறைக்க வேண்டியதில்லை என்பதுபோல நன்றாகவே சாய்த்துப் பார்த்தார். முடியவில்லை.

"நம்மளுதாடா?" என்றார்.

"இல்லக்கா," என்றான் தம்பி. "அடுத்தது வரும்."

அக்கா அவனுக்கு முதுகைக் காட்டித் தந்தியின் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, அவன் காதில் விழக் கூடாது என்று நினைத்தவர்போலக் கேட்டார்.

"அவன் சொல்றது நெஜந்தானேம்மா?"

"நெஜந்தான்க்கா," என்றாள் தந்தி.

பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று.